ரிசெப்டிவ் ஃபீல்டுக்குத் தமிழ்ச்சொல்: வியாழக்கிழமைக்குள் வேண்டும்

பீளமேடு, திங்கள் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஓர் அவசர உதவி.

தமிழ்வழியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினிப் பார்வை பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூளையைப் பற்றித் தெரிந்துகொண்டது, கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க எப்படி உதவியது என்பதுதான் பாடம். வியாழன் மாலைக்குள் கொடுத்தால்தான் சனிக்கிழமை வகுப்புக்குள் அறுபது படி எடுத்து ஸ்பைரல் போட்டுத் தர முடியும் என்கிறார் கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர். எல்லாம் எழுதியாயிற்று. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் பதினோரு இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ரிசெப்டிவ் ஃபீல்டு.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்திரையிலோ மூளையிலோ இருக்கும் ஒரு நரம்பு செல், கண்முன் விரியும் காட்சி முழுவதையும் கவனிப்பதில்லை. அதற்கென்று ஒரு துண்டுப் பரப்பு உண்டு. அந்தத் துண்டுக்குள் வெளிச்சம் மாறினால் செல்லின் துடிப்பு கூடும் அல்லது குறையும். வெளியே என்ன ஆனாலும் அது பாட்டுக்கு இருக்கும். அந்தத் துண்டுக்குத்தான் இந்தப் பெயர். படம் பார்க்கும் நரம்பு வலைகளிலும் (மூளையைப் பார்த்து, சின்னச் சின்னக் கணக்கு அலகுகளை அடுக்கடுக்காகக் கோத்துச் செய்த கணினி நிரல்கள்) இதே சொல்தான்: வலையின் ஓர் அலகு, படத்தின் எந்தச் சதுரத்தை வைத்துத் தன் எண்ணைக் கணக்கிடுகிறதோ அந்தச் சதுரம். ஆகவே மூளைக்கும் கணினிக்கும் பொதுவாக ஒரே சொல் வேண்டும்.

முதலில் ‘ஏற்புப் புலம்’ என்று எழுதி வகுப்பில் வாசித்துக் காட்டினேன். “பட்டாவில் புல எண் என்று வருமே, அந்தப் புலமா மேடம்?” என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவன் கேட்டது தப்பாகப் படவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

திருப்பூர், திங்கள் இரவு 10.05

மேடம், இதற்குப் போய் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? ரிசெப்டிவ் ஃபீல்டு என்று தமிழ் எழுத்திலேயே போட்டுவிடுங்கள். பஸ், பேங்க், பனியன் எல்லாம் அப்படித்தானே வந்தன? என்னிடம் வேலைக்கு வரும் பையனிடம் ‘ஏற்புப் புலம் எவ்வளவு?’ என்று கேட்டால் அன்றைக்கே ஓடிவிடுவான்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பனியன் துணியில் பழுது பார்க்கும் கேமராவுக்கு நிரல் எழுதுகிறவன். நிட்டிங் மெஷினிலிருந்து துணி இறங்கும்போதே படம் எடுத்து ஓட்டை, எண்ணெய்க் கறை, கோடு எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். சல்லடை என்பது படத்தின்மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் ஒரு சின்ன எண் சதுரம். மூன்றுக்கு மூன்று சல்லடை ஒரு அடுக்கு வைத்தால் அலகு பார்ப்பது 3×3 புள்ளி. அதன்மேல் இன்னொரு அடுக்கு வைத்தால் 5×5. மூன்றாவது அடுக்கில் 7×7. பொட்டு ஓட்டைக்கு இது போதும். ஆனால் ஊசி ஒன்று கெட்டுப்போனால் துணி நெடுகக் கோடு விழும். அதைச் சின்னச் சதுரம் வழியாகப் பார்த்தால் நூலும் நூலுமாக எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நாங்கள் இதில் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டு முழித்தோம். சல்லடையில் குறை இல்லை, பார்க்கும் பரப்புதான் பத்தவில்லை. எந்தச் சொல் வைத்தாலும் ‘எவ்வளவு பெரிது?’ என்று கேட்க வசதியாக இருக்கட்டும்.

சீனாபுரம், செவ்வாய் காலை 5.20

அம்மணி, வணக்கம். திருப்பூர்த் தம்பியின் மடலைப் படித்துவிட்டுக் காப்பி கூட இறங்கவில்லை. பஸ்ஸும் பனியனும் கையில் பிடிக்கும் பொருள்கள், பெயரோடு வந்து இறங்கின. இது கருத்து. தமிழில் விளங்கவைக்காமல் பெயரை மட்டும் இறக்குமதி செய்தால் பிள்ளைகள் பெயரைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

புல எண் என்று சொன்ன அந்தப் பையனை எனக்காகப் பாராட்டுங்கள். அவன் அறியாமலே வேரைத் தொட்டுவிட்டான். புலம் என்றால் வயல், நிலம், இடம், திசை. புலன் என்றால் பொறிகள் வழியே வரும் அறிவு. இரண்டும் வேறு சொற்கள் அல்ல. மகரத்தில் முடியும் அஃறிணைப் பெயர்கள் சில னகரமாகவும் வரும் என்பது நன்னூல். நிலம் நிலன், கலம் கலன், புலம் புலன். நன்னூல் செய்த பவணந்தியார் எங்கள் ஊர்க்காரர். பாயிரத்தில் வரும் சனகை என்பது எங்கள் சீனாபுரம்தான். வேறு ஊர்க்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள், அந்த வழக்கை இன்று எடுக்கவில்லை.

ஆகவே ஆங்கிலத்துக்காரர்கள் வயலைக் குறிக்கும் சொல்லை உருவகமாக்கி இங்கே போட்டார்கள். நமக்கு உருவகமே வேண்டியதில்லை. நிலமும் அறிவும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. புலப்படுதல், புலமை, புலவர், புலர்தல். பொழுது புலர்வது என்றால் என்ன? இருள் நீங்கி இடம் தெரிவது. ‘கண்’ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் உறுப்பும் கண், ஏழாம் வேற்றுமை உருபும் கண். ஊரின்கண் என்றால் ஊரில். பார்வைக்கும் இடத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலா? (நுங்கின் கண், தேங்காயின் கண், மதகின் கண், புண்ணின் கண் என்று நாற்பது உருப்படி கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். நீளம் கருதித் தனிமடலில் அனுப்புகிறேன்.)

முன்னால் வரும் சொல்தான் சிக்கல். ‘ஏற்பு’ வேண்டாம். ஏற்பது இகழ்ச்சி என்று ஔவை சொன்னது மறந்துவிட்டதா? என் பரிந்துரை ‘கொள்புலம்’. வினைத்தொகை. கொண்ட புலம், கொள்கின்ற புலம், கொள்ளும் புலம் என்று முக்காலமும் அடங்கும், ஒற்றும் மிகாது. ஐந்தே எழுத்து.

பொள்ளாச்சி, செவ்வாய் பிற்பகல் 2.45

அய்யாவுக்கும் மேடத்துக்கும் வணக்கம். ஓ.பி. முடிந்து இப்போதுதான் பார்த்தேன். கண் மருத்துவன் என்ற முறையில் சில எச்சரிக்கைகள்.

யாரும் ‘பார்வைப் புலம்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அது வேறு சமாச்சாரம். கண்ணழுத்த நோய்க்கு ஃபீல்டு டெஸ்ட் எடுக்கிறோம். ஒரு கண்ணை மறைத்து, நேரே பார்க்கச் சொல்லி, அங்கங்கே வெளிச்சப் பொட்டு காட்டி, தெரிந்தால் பட்டனை அழுத்தச் சொல்வோம். அது ஓர் ஆள் மொத்தமாகப் பார்க்கும் பரப்பு. மேடம் கேட்பது ஒரே ஒரு செல்லின் பரப்பு. முன்னது முழுத் தோட்டம் என்றால் பின்னது அதில் ஒரு முழம்.

அப்புறம், ‘ஏற்பு’, ‘கொள்’ இரண்டிலும் ஒரே குறை. செல் எல்லாவற்றையும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வது போல் ஒலிக்கிறது. 1953இல் ஸ்டீபன் குஃப்ளர் பூனையின் விழித்திரையில் கண்டது அப்படி இல்லை. பரப்பின் நடுவில் வெளிச்சப் பொட்டு விழுந்தால் செல் படபடவென்று துடிக்கிறது. சுற்றியுள்ள வளையத்தில் விழுந்தால் அடங்குகிறது. இரண்டிலும் சேர்ந்து விழுந்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. வேறு சில செல்களில் இதுவே தலைகீழ். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் செல்லுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சுவர் முடிந்து கதவு தொடங்கும் இடத்தில்தான் அதற்குப் பேச்சு வருகிறது. பாதிப் பரப்பு மறுப்பு சொல்வதால்தான் நமக்கு விளிம்பு தெரிகிறது.

இப்படிச் சிக்கனம் பிடிக்கக் காரணம் உண்டு. ஒரு கண்ணில் குச்சி செல்கள் சுமார் 12 கோடி, கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகளோ சுமார் 10 லட்சம்தான். பல செல்களின் செய்தி ஓர் இழையில் கூடித்தான் போயாக வேண்டும். விழித்திரையின் நடுக்குழியில் இந்தக் கூட்டு மிகக் குறைவு, ஓரத்தில் மிக அதிகம். ஓரக்கண்ணில் யாரோ வருவது தெரிகிறது, யாரென்று திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது, இல்லையா?

மேடம் எழுதிய ‘வெளியே என்ன ஆனாலும் அது பாட்டுக்கு இருக்கும்’ என்ற வரியைத் திருத்துங்கள். மூளையின் மேலடுக்கான புறணியில், பரப்புக்கு வெளியே இருப்பது தனியாகச் செல்லைத் துடிக்க வைக்காது. ஆனால் உள்ளே தூண்டல் இருக்கும்போது அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

(வீட்டில் புறணி, புறணி என்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். யாரைப் பற்றி என்று கேட்கிறார்கள்.)

கோபி, செவ்வாய் இரவு 8.15

ஏனுங்க டாக்டர், நீங்கள் கடைசியாகச் சொன்ன விஷயத்துக்கு எங்களிடம் பெயர் இருக்கிறதுங்க. கசிவு.

நான் பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூளை பற்றி ஒன்றும் தெரியாது. எல்லோரும் வயல், புலம் என்று பேசுவதால் தைரியமாக உள்ளே வருகிறேன். கீழ்பவானி வாய்க்காலுக்கு 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடுகிறது. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து ஒரு போகத்துக்குப் பாதி ஆயக்கட்டுக்குத் தண்ணீர் விடுவோம். எந்த மதகுக்கு எந்த நிலம் என்று பதிவு உண்டு. ஒரு மதகுக்கு ஒரு பரப்பு. அம்மணி கேட்பது அப்படியே இதுதானே, ‘ஆயக்கட்டு’ என்றே வைத்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

பாதி எழுதும்போதுதான் பார்த்தேன், தண்ணீர் தப்பான பக்கம் ஓடுகிறது. ஆயக்கட்டில் மதகிலிருந்து நிலத்துக்குப் போகிறது. உங்கள் செல்லில் நிலத்திலிருந்து மதகுக்கு வருகிறது. அதற்கு எங்கள் பேச்சில் வேறு பெயர். நீர்ப்பிடிப்புப் பரப்பு, நீர்வரத்துப் பரப்பு என்போம். நீலகிரியில் மழை பெய்தால் பவானிசாகருக்கு வரத்து. கோபியில் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் அணைக்கு ஒரு சொட்டு வராது, நாங்கள் அணைக்குக் கீழே இருக்கிறோம். அணையில் உட்கார்ந்து அளவுகோலைப் பார்ப்பவனுக்கு மேகம் தெரியாது. வரத்து கூடியதா குறைந்ததா, அவ்வளவுதான் தெரியும். உங்கள் செல்லும் அந்த ஆள் மாதிரித்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் ‘வரத்துப் புலம்’ என்று வையுங்கள். திசை அதிலேயே இருக்கிறது.

கசிவு பற்றி: ஆயக்கட்டில் சேராத கிணறுகள் வாய்க்காலை ஒட்டி எத்தனையோ இருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அவற்றிலும் ஊற்று ஏறும். கணக்கில் இல்லாத நிலம், ஆனால் பலன் உண்டு. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று இங்கே எவ்வளவு சண்டை நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிச் சண்டை இந்தக் கசிவுக்காகத்தான்.

திருப்பூர், செவ்வாய் இரவு 9.10

அண்ணா, அசத்திவிட்டீர்கள். என் ஓட்டு இன்னும் ஆங்கிலத்துக்குத்தான், ஆனால் உங்களுக்கு ஒரு பரிசு.

நான் நேற்று 7×7 என்று எழுதினேனே, அந்த 49 புள்ளிக்கும் சம உரிமை இல்லை. மூன்று அடுக்கையும் தாண்டி மேலே வர, மூலையில் இருக்கும் புள்ளிக்கு ஒரே ஒரு வழி. நட்டநடுப் புள்ளிக்கு 49 வழி. பேப்பரில் போட்டுப் பாருங்கள், ஒரு திசையில் 1, 3, 6, 7, 6, 3, 1 என்று வரும். அதனால் கணக்குப்படி பரப்பு பெரிதாக இருந்தாலும் உண்மையில் நடுவில் உள்ளவற்றின் சொல்தான் எடுபடுகிறது. 2016இல் இதை விரிவாக ஆராய்ந்து, செல்வாக்கு ஓரம் போகப் போக மணி வடிவில் தேய்கிறது என்று காட்டினார்கள். தலைமடை, கடைமடை! ஏட்டில் கடைமடையும் ஆயக்கட்டுதான்.

அய்யாவுக்கு ஒரு சந்தேகம். கொள்புலம் என்றதும் எனக்குக் கொள்ளுக்காடுதான் ஞாபகம் வந்தது. பையன்கள் கொள்ளு ரசம் வரைக்கும் போய்விடுவார்கள்.

தாராபுரம், புதன் காலை 7.30

அக்கா, நான் முதலாண்டு மாணவி. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். ‘பாத்தி’ என்று வைக்கக் கூடாதா? எங்கள் அப்பாரு தோட்டத்தில் வெங்காயத்துக்குப் பாத்தி கட்டுவார். ஒரு செல்லுக்கு ஒரு பாத்தி. ‘பார்வைப் பாத்தி’ என்றால் எனக்கு உடனே புரிகிறது.

சீனாபுரம், புதன் காலை 8.05

குழந்தை கேட்டதற்கு முதலில் பதில். பாத்தி நல்ல சொல். பாத்து என்றால் பகுத்து. பகிர்ந்து உண்பதைப் பாத்தூண் என்கிறது குறள். பகுக்கப்பட்டதால் பாத்தி. இங்கே அதுவே இடிக்கிறது கண்ணு. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பு உண்டு. இந்தச் செல்களின் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பவை என்று டாக்டரும் திருப்பூர்த் தம்பியும் சொல்வதிலிருந்து ஊகிக்கிறேன். சரிதானே?

கொள்ளுக்காடு பற்றி: தம்பி கேலியாகக் கேட்டாலும் கேள்வி கூர்மையானது. கொள் என்பதே அந்தப் பயற்றின் பழைய பெயர். ஆனால் கொள் விளையும் நிலம் என்று பொருள் கொண்டால் அது வேற்றுமைப் புணர்ச்சி. லகர ளகரங்கள் வேற்றுமையில் வல்லினம் வந்தால் றகர டகரமாகத் திரியும். நாள், குறிப்பு: நாட்குறிப்பு. கள், குடம்: கட்குடம். ஆகவே கொள்ளுக்காடு ‘கொட்புலம்’ ஆகும், நம் கலைச்சொல் ‘கொள்புலம்’ ஆகவே நிற்கும். குழப்பத்துக்கு இடமே இல்லை.

கோபியாருக்கு: உவமை மிக அருமை. ஆனால் ‘வரத்து’ மண்டி வாடை அடிக்கிறது. ‘ஈரோட்டில் மஞ்சள் வரத்து குறைந்தது’ என்று தினமும் பேப்பரில் படிக்கும் பிள்ளை, வரத்துப் புலம் என்றால் ஏலக் கடை என்று நினைக்காதா?

திருப்பூர், புதன் காலை 8.20

கொட்புலம், கொள்புலம் வித்தியாசம் தெரிந்தவனுக்கு அய்யா சொல்வது சரி. அவனை எங்கே தேடுவது?

கோபி, புதன் காலை 9.00

மண்டி வாடை அடித்தால் என்னங்க? மண்டியில் இருப்பவரும் தமிழர்தானே.

பீளமேடு, புதன் இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. சொற்களைப் பாடத்தின் வாக்கியங்களிலேயே வைத்து ஓட்டிப் பார்த்தேன்.

1906இல் ஷெரிங்டன் இந்தச் சொல்லைக் கையாண்டபோது கண்ணே பேச்சில் இல்லை. நாய் தன் முதுகைச் சொறிந்துகொள்கிறதே, அந்த அனிச்சைச் செயலைத் தூண்டும் தோல் பரப்புக்கு வைத்த பெயர் அது, குதிரைச் சேணம் போட்ட மாதிரி ஒரு பரப்பு. 1938இல் ஹார்ட்லைன் தவளையின் பார்வை நரம்பிலிருந்து ஒற்றை இழைகளைப் பிரித்து, அங்கே இதைப் பயன்படுத்தினார். ஆகவே ‘பார்வை’, ‘காட்சி’ என்று தொடங்கும் எல்லாம் முதல் பக்கத்திலேயே விழுந்துவிடுகின்றன. தாராபுரத்துத் தங்கச்சி வருத்தப்பட வேண்டாம். அய்யா ஊகித்தது சரி, பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஆனால் உன் பாத்தியை ஒரு படமாக வரைந்து, வரப்பை அழித்துக் காட்டப் போகிறேன்.

அடுத்து ஹியூபெல், வீஸல் என்ற இரண்டு நரம்பியல் ஆய்வாளர்கள். 1958இல் பூனையின் மூளைப் புறணியில் ஒரு செல்லுக்குக் கண்ணாடிச் சில்லில் கரும்பொட்டு ஒட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். செல் அசையவில்லை. சில்லை மாற்றிச் செருகும்போது அதன் விளிம்பின் நிழல் கோடாக நகர்ந்தது, செல் பொரிந்து தள்ளியது. பொட்டு வேண்டாம், சாய்ந்த கோடுதான் வேண்டும் என்று அது அத்தனை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது! 1981இல் நோபல் பரிசு வந்தது. எளிய செல், சிக்கலான செல் என்று அவர்கள் கண்ட இரண்டு வகைகளையே அடுக்கடுக்காக வைத்து ஃபுகுஷிமா 1980இல் நியோகாக்னிட்ரான் என்ற வலையைச் செய்தார். 1989இல் லெகன் குழுவினர் அதே போன்ற அடுக்குகளுக்குப் பிழையிலிருந்து திருத்திக்கொள்ளும் பயிற்சி கொடுத்து, கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைப் படிக்க வைத்தார்கள். 2012இல் பேரெடுத்த அலெக்ஸ்நெட் என்ற வலையின் முதல் அடுக்கில் 96 சல்லடைகள், ஒவ்வொன்றும் 11×11. யாரும் சொல்லித்தராமலே பல சல்லடைகள் சாய்ந்த கோடுகளைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தன. இந்தப் பகுதிகளில் ஏற்பு, கொள், வரத்து மூன்றுமே சிக்கலில்லாமல் உட்காருகின்றன.

கோபி அண்ணா தப்பு என்று அடித்த ஆயக்கட்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வீணாகவில்லை. எதிர்த்திசைக்கும் துறையில் பெயர் உண்டு: ப்ரொஜெக்டிவ் ஃபீல்டு. ஒரு செல்லின் துடிப்பு எந்தெந்தச் செல்களுக்குப் போய்ச் சேருகிறது என்பது. 1988இல் லெக்கியும் செய்னோவ்ஸ்கியும் நிழலை வைத்து வளைவைக் கணக்கிட ஒரு வலையைப் பழக்கினார்கள். உள்ளே இருந்த அலகுகளைத் திறந்து பார்த்தால், ஹியூபெல், வீஸல் கண்ட கோடு பிடிக்கும் செல்கள் மாதிரியே இருந்தன. ஆனால் அந்த வலைக்கு யாரும் கோடு பிடிக்கச் சொல்லவில்லை! எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்து ஒரு செல்லின் வேலையை முடிவுகட்ட முடியாது, எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். வரத்தும் பாய்ச்சலும் இரண்டும் தெரிந்தால்தான் அணை. இதை எழுதும்போது வரத்துப் புலம் பக்கம் நானே சாய்ந்துவிட்டேன்.

ஆனால் பயமாகவும் இருக்கிறது. ‘ஏற்பி’ என்ற சொல் பிள்ளைகளுக்கு உயிரியலில் ஏற்கெனவே பழக்கம். ஏற்பி, ஏற்புப் புலம் என்று கை கோத்துப் போகும்.

இன்னொரு கூத்து. கன்வல்யூஷனுக்கு எனக்கு முன்பு கிடைத்த ஒரு பழைய குறிப்பில் ‘மூளை மடிப்பு’ என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் யாரோ அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மடிப்பு மடிப்பாக இருப்பதால்தான் படம் பார்க்கும் வலைக்குக் கன்வல்யூஷனல் வலை என்று பெயர் என்று ஒரு வருடப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். கணிதத்தில் அது சல்லடையை நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டுவது, மூளை மடிப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இதற்கும் ஒரு சொல்…

சீனாபுரம், புதன் இரவு 10.50

கன்வல்யூஷனுக்கு என்னிடம் மூன்று சொல் இருக்கிறது. முதலாவது ‘உருள்’ என்ற வேரிலிருந்து

குழு மட்டுறுத்துநர், வியாழன் காலை 6.00

அய்யா, மன்னிக்கவும், பாதி மடலிலேயே நிறுத்துகிறேன். கன்வல்யூஷனுக்குத் தனி இழை தொடங்குங்கள். இந்த இழையில் ஏற்கெனவே எழுபது மடல். எழுதாமல் படித்துக்கொண்டிருந்தவர்களிடமும் தனியாகக் கேட்டேன். ஏற்புப் புலம் ஒன்பது பேர், வரத்துப் புலம் ஆறு பேர், கொள்புலம் மூன்று பேர், ஆங்கிலமே போதும் என்பவர்கள் இரண்டு பேர், ‘எதையாவது வையுங்கள்’ என்றவர்கள் நான்கு பேர். அந்த நான்கையும் ஏற்புப் புலத்தில் சேர்த்துக்கொள்கிறேன். மாலைக்குள் கோப்பு போயாக வேண்டும்.

பொள்ளாச்சி, வியாழன் காலை 7.15

சரி. ஆனால் ‘ஏற்பு என்றாலும் இதில் பாதி மறுப்பு’ என்று ஒரு வரியாவது போடுங்கள் மேடம்.

கோபி, வியாழன் காலை 7.40

ஓட்டில் தோற்றது சரிங்க. அந்த நான்கு பேரை எந்த மதகில் சேர்த்தாலும் எண்ணிக்கை மாறும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். என் பேத்தி இதே படிப்புதான் படிக்கிறாள். அவளுக்கு நான் வரத்துப் புலம் என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மாற்றிச் சொல்லப்போவதில்லை.

திருப்பூர், வியாழன் காலை 11.00

சும்மா இருக்கட்டும் என்று நேற்று நிரலில் ஒரு மாறிக்கு ‘வரத்து’ என்று பெயர் வைத்தேன். பக்கத்து சீட்டுப் பையன் என்னவென்று கேட்டான், சொன்னேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. எரிச்சலாக இருக்கிறது.

பீளமேடு, வெள்ளி இரவு 8.30

படிகள் வந்துவிட்டன. டாக்டர் சொன்ன வரி இருக்கிறது. கோபி அண்ணாவின் அணைப் படம் ஆறாம் பக்கத்தில், கசிவோடு. பாத்திப் படமும் இருக்கிறது.

ஒரு தப்பு நடந்துவிட்டது. அவசரத்தில் பதினோரு கோட்டையும் ஒரே தட்டில் மாற்றினேன். ‘ஏற்பு புலம்’ என்று விழுந்திருக்கிறது. நடுவில் ‘ப்’ இல்லை. அறுபது படியிலும். அய்யா பார்ப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சீனாபுரம், சனி காலை 4.50

பார்த்தேன் அம்மணி. அறுபது படி, பதினோரு இடம். அறுநூற்று அறுபது ஒற்று. கொள்புலம் என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதை இப்போது சொல்லிப் பயனில்லை. வகுப்பு எத்தனை மணிக்கு? பெருந்துறைக்குப் போய் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன். கறுப்பு மைப் பேனா இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், கல்லூரி வாசலில் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள்.